முகவரியும் வரலாறும்: சென்னை ஜார்ஜ் டவுன் இசைவாணர் பற்றிய எழுத்துகள் – ஒரு மதிப்பீடு

முன்னுரை

ஒரு நகரத்தின் குறிப்பிட்ட பகுதியில் முன்னர் வாழ்ந்த கலைஞர்களைத் தெருத்தெருவாக அடையாளங்கண்டு எழுதும் முயற்சி, அண்மைக்காலத் தமிழக வரலாற்றெழுத்தில் தனித்த ஒரு வகையாக வளர்ந்துள்ளது. சென்னையைப் பொறுத்தவரை இதற்கு எஸ். முத்தையா 1981இல் வெளியிட்ட நகர வரலாற்று நூலும், 1991இல் தொடங்கப்பெற்ற 'மெட்ராஸ் மியூசிங்ஸ்' இதழும் வழிகோலின எனலாம். 2004 முதல் ஆண்டுதோறும் ஆகஸ்டு 22ஆம் நாளையொட்டிக் கொண்டாடப்பெறும் சென்னை நாள் இம்முயற்சியைப் பொதுமக்களிடையே கொண்டு சேர்த்தது. இசைத்துறையில் வி. ஸ்ரீராம் எழுதிய 'கர்நாடிக் சம்மர்' (2004), பெங்களூர் நாகரத்தினம்மாளின் வாழ்க்கை வரலாறு (2007) ஆகிய நூல்களும், அவர் நடத்திவரும் மரபு நடைப்பயணங்களும் குறிப்பிடத்தக்கவை. இவற்றால் பழைய வீடுகளின் மீதும் தெருக்களின் மீதும் ஒரு மதிப்புணர்வு தோன்றியிருப்பதை நாம் மறுப்பதற்கில்லை.

எனினும் இவ்வகை எழுத்தின் அடிப்படை வடிவம் பட்டியல் ஆகும். இன்ன தெருவில் இன்னார் வாழ்ந்தார், இன்ன வீட்டில் இன்னார் தங்கினார் என்னும் செய்திகளைத் தொகுத்துத் தருவதே அதன் இயல்பு. நூலாசிரியர்கள் பட்டியலைக் கடந்து சென்றாலும், அவர்தம் நூல்களிலிருந்து செய்தி எடுத்து எழுதப்பெறும் சிறு கட்டுரைகள், மலர்க் குறிப்புகள், மாணவர் திட்டப்பணிகள் ஆகியவை பட்டியலிலேயே நின்றுவிடுகின்றன. இப்பட்டியல் வடிவம் எதனைக் காட்டுகிறது, எதனை மறைக்கிறது என்பதே நம் வினா. இதற்குச் சென்னையின் ஜார்ஜ் டவுன் பகுதியை எடுத்துக்கொள்கிறோம். முனைவர் பட்ட ஆய்வுக் காலத்தில் அயல்நாட்டு நூலகம் ஒன்றில் அமர்ந்து நாமும் இத்தகைய பட்டியல் ஒன்றைத் தயாரித்தோம். அதனை ஆய்வேட்டின் பின்னிணைப்பாகவும் சேர்த்தோம். ஆகவே இங்குக் கூறப்படும் குறை பிறருடையது மட்டும் அன்று.

விருந்தினர், புரவலர், குடியிருந்தோர்

கோட்டைக்கு வடக்கே முத்தியாலுப்பேட்டை, பெத்துநாயக்கன்பேட்டை என்னும் இரு பெரும் பிரிவுகளாக அமைந்த இப்பகுதி, ஆங்கிலேயரால் நெடுங்காலம் கறுப்பர் நகரம் என வழங்கப்பெற்று, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜார்ஜ் டவுன் எனப் பெயர் மாற்றம் பெற்றது. கிழக்கிந்தியக் கும்பினியின் வணிகத்திற்கு இடைநின்ற துபாஷிகளும் செட்டிகளும் முதலிகளும் இங்கே செல்வம் சேர்த்தனர். 1799இல் தஞ்சை அரசின் ஆட்சியதிகாரம் கும்பினியின் கைக்குச் சென்றபின், அரசவையை நம்பியிருந்த கலைஞர்களுக்குச் சென்னை வணிகரின் ஆதரவு ஒரு மாற்று வழியாயிற்று. ஆளுநர் பிகட்டின் துபாஷியாக விளங்கிய மணலி முத்துக்கிருஷ்ண முதலியாரின் குடும்பம் இராமசாமி தீட்சிதரை ஆதரித்ததும், அவருடைய மகன் பாலுசாமி தீட்சிதர் ஐரோப்பிய இசைவாணரிடம் வயலின் பயின்றதும் இச்சூழலின் விளைவுகளே.

இக்காலத்தின் இசைவாழ்வைக் காட்டும் அரிய சான்று 'சர்வதேவ விலாசம்' என்னும் வடமொழி நூலாகும். ஏறத்தாழ 1800ஆம் ஆண்டையொட்டிய சென்னையை அது வருணிக்கிறது. விவேகன், அதிவிவேகன் என்னும் இரு புலவர்கள் நகரைச் சுற்றி வந்து, புரவலர்களின் தோட்டங்களையும் கோயில் விழாக்களையும் இசைக் கூட்டங்களையும் கண்டு உரையாடுவதாக நூல் அமைந்துள்ளது. 1950களில் வே. ராகவன் இதனைப் பதிப்பித்தார். ஈண்டு நாம் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. இன்று நாம் எழுதும் நகர நடைப்பயணக் கட்டுரையின் வடிவத்தை இந்நூல் இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே கொண்டிருக்கிறது. ஆயினும் நூலின் புலவர்கள் தாம் காணும் ஒவ்வொருவரையும் பிறரோடு உள்ள உறவில் வைத்தே பேசுகின்றனர். யார் யாரை ஆதரிக்கிறார், எந்தக் கணிகை எந்தச் செல்வரின் அவையில் இருக்கிறாள், எவருடைய கொடை எந்தக் கோயிலுக்குச் சென்றது என்பனவெல்லாம் அங்கே வெளிப்படையாக உள்ளன. பிற்காலத்தவர் அவ்வுறவுகளைக் கூறக் கூசி, முகவரியை மட்டும் எடுத்துக்கொண்டனர்.

இந்தக் கூச்சத்தின் விளைவை ஓர் ஒப்பீட்டால் விளக்கலாம். தியாகராச சுவாமிகள் தம் முதுமையில் சென்னைக்கு வந்தார். பந்தர் தெருவில் கோவூர் சுந்தரேச முதலியாரின் விருந்தினராகத் தங்கினார். மாணாக்கர் வீணை குப்பையரின் அழைப்பை ஏற்றுத் திருவொற்றியூருக்கும் சென்றார். கோவூர்ப் பஞ்சரத்தினமும் திருவொற்றியூர்ப் பஞ்சரத்தினமும் இப்பயணத்தோடு தொடர்புபடுத்தப்பெறுகின்றன. ஜார்ஜ் டவுன் பற்றிய எந்த இசைக் குறிப்பும் இவ்வருகையை விடுவதில்லை. விடவும் கூடாது. ஆனால் அவர் அங்கே வாழ்ந்தவர் அல்லர், வந்து சென்றவர். வீட்டுக்கு உரியவர் முதலியார். அவ்விசையைச் சென்னையில் நிலைநிறுத்தியவர்கள் குப்பையரும், 1900இல் 'பல்லவி சுவரகல்பவல்லி'யை வெளியிட்ட அவருடைய மகன் திருவொற்றியூர்த் தியாகையரும் ஆவர். விருந்தினர், புரவலர், குடியிருந்து கற்பித்தவர் என்னும் மூவரும் மூன்று வேறு வகையில் ஓரிடத்தின் வரலாற்றுக்கு உரியவர்கள். பட்டியலிலோ மூவரும் ஒரே நிரலில் நிற்கின்றனர். பெரும்பாலும் விருந்தினரே முதலிடம் பெறுகிறார்.

தச்சூர் சிங்காராசாரியார் சகோதரர்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. படிப்படியாக இசை பயில்வதற்கான பாடநூல் வரிசையைத் தெலுங்கில் அச்சிட்டு வெளியிட்டவர்கள் அவர்கள். 'காயக பாரிஜாதம்', 'காயக லோசனம்' முதலிய நூல்கள் வழியாக, ஆசிரியரின் வாய்மொழியை மட்டும் நம்பியிருந்த பாடங்கள் அச்சுக்கு வந்தன. இசையாசிரியர்களும் மொழியாசிரியர்களும் ஒருங்கே நினைவுகூர வேண்டிய பணி இது. எனினும் அச்சகமும் பாடநூலும் நடைப்பயணிகளை ஈர்ப்பதில்லை போலும்; அவர்களுக்கு ஓரிரு வரிகளே கிடைக்கின்றன.

ஊர்ப்பெயர் செய்த மறைப்பு

ஜார்ஜ் டவுனில் வாழ்ந்த பெண் கலைஞர்களின் பெயர்களை ஒருசேர வைத்து நோக்கும்போது ஓர் உண்மை புலப்படுகிறது. கோயம்புத்தூர்த் தாயி, பெங்களூர் நாகரத்தினம்மாள் ஆகியோர் இப்பகுதியைத் தம் வாழிடமாகக் கொண்டவர்கள். ஆயினும் அவர்தம் பெயர்கள் விட்டுவந்த ஊர்களையே சுட்டுகின்றன. மாறாக, திருவையாற்றுப் பகுதியைச் சேர்ந்த சுப்பிரமணிய ஐயர் சில காலம் சென்னையில் வாழ்ந்தமையால் 'பட்டணம்' சுப்பிரமணிய ஐயர் ஆனார். பின்னர்த் திருவையாற்றுக்கே திரும்பியபோதும் அப்பெயர் நிலைத்தது. ஊர்ப்பெயரை முன்னொட்டாகக் கொள்ளுதல் ஆடவர்க்கும் உரிய வழக்கே. அரியக்குடியும் செம்மங்குடியும் அவ்வாறு வந்தவையே. எனவே இதில் யாரும் திட்டமிட்டுச் செய்த வஞ்சனை ஏதுமில்லை. ஆனால் பெயரை வைத்து வட்டார வரலாறு எழுதப் புகுவோர்க்கு இது ஒரு பொறி. பட்டணத்தை விட்டுச் சென்றவர் பட்டணத்துக்காரராகவும், பட்டணத்தில் வாழ்ந்தவர் வெளியூராராகவும் தோன்றிவிடுகின்றனர்.

கோயம்புத்தூர்த் தாயி (1872–1917) இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கிராமபோன் இசைத்தட்டுகளின் தொடக்கக் காலத்திலேயே அவருடைய குரல் பதிவாயிற்று. 1911–12இல் இந்தியாவிற்கு வந்த பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் தெலாழ் அவருடைய இசைத்தட்டுகளால் ஈர்க்கப்பட்டு, அதன் அடிப்படையில் 'ராகமாலிகா' என்னும் படைப்பை உருவாக்கினார். சென்னைத் தெரு ஒன்றில் வாழ்ந்த பெண்ணின் பாட்டு பாரிசின் இசையரங்கை எட்டிய வரலாறு இது. ஐரோப்பிய இசை ஆய்வாளர்கள் இதனை விரிவாக எழுதியுள்ளனர். சென்னை வட்டார வரலாற்றுக் குறிப்புகளிலோ தாயியின் பெயர் அரிதாகவே காணப்படுகிறது.

இராமகிருஷ்ண செட்டித் தெரு

இனி நம் ஆய்வின் மையப்பொருளுக்கு வருவோம். வீணை தனம்மாள் ஜார்ஜ் டவுனில் பிறந்து வளர்ந்தவர். இராமகிருஷ்ண செட்டித் தெருவில் அவர் வாழ்ந்த வீடு இசையுலகில் புகழ்பெற்றது. பாட்டி காமாட்சி தஞ்சை அரசவையோடு தொடர்புடைய ஆடற்கலைஞர். தாய் சுந்தரம்மாள் பாடகி. சியாமா சாஸ்திரிகள் மரபின் பாடல்கள் இக்குடும்பத்தின் வழியாகப் பாதுகாக்கப்பெற்றன. க்ஷேத்ரக்ஞரின் பதங்களைப் பார்வையற்ற கலைஞரான பால்தாஸ் நாயுடுவிடம் தனம்மாள் கற்றார். தருமபுரி சுப்பராயரின் ஜாவளிகளும் அவ்வீட்டோடு நெருங்கிய தொடர்புடையவை. 1932இல் கொலம்பியா நிறுவனம் அவருடைய வாசிப்பைப் பதிவு செய்தது. 1938இல் அவர் மறைந்தார்.

வெள்ளிக்கிழமை மாலைகளில் அவ்வீட்டில் நடைபெற்ற வீணையிசை பற்றிக் கூறாத கட்டுரை இல்லை. ஒலி சிறிது, ஆகவே கேட்போர் மூச்சையும் அடக்கி அமர்ந்திருந்தனர், சிறு சலசலப்பையும் அம்மையார் பொறுத்துக்கொள்ளவில்லை, பெரும் வித்துவான்களும் அடங்கி ஒடுங்கி வந்து கேட்டனர் என்று இச்செய்தி மீண்டும் மீண்டும் சொல்லப்படுகிறது. இதில் பொய் ஏதும் இல்லை என்றே கொள்வோம். ஆனால் இக்காட்சியை எழுதியவர்கள் எங்கே அமர்ந்திருந்தார்கள்? அனைவரும் விருந்தினர்கள், கூடத்தில் அமர்ந்து கேட்டவர்கள். வெள்ளிக்கிழமை மாலை முடிந்ததும் தெருவில் இறங்கிச் சென்றுவிட்டவர்கள். வாரத்தின் ஏனைய ஆறு நாள்களும் அவ்வீட்டில் என்ன நடந்தது என்பது அவர்தம் எழுத்தில் இல்லை.

அந்த ஆறு நாள்களில்தான் அவ்வீடு ஒரு கல்விநிலையமாக இயங்கியது. தனம்மாளின் மகள்கள் நால்வர்: இராஜலட்சுமி, இலட்சுமிரத்தினம், ஜயம்மாள், காமாட்சி. பேரர் தலைமுறையில் பிருந்தா, முக்தா, அபிராமசுந்தரி, பாலசரஸ்வதி, சங்கரன், விசுவநாதன், ரங்கநாதன் எனப் பலர் தோன்றினர். முறையான பாடத்திட்டமோ சான்றிதழோ இல்லாத ஒரு வீட்டிலிருந்து ஒரே தலைமுறையில் இத்தனை கலைஞர்கள் வெளிவந்தமைக்கு இணையான எடுத்துக்காட்டு தென்னிந்திய இசை வரலாற்றில் மிகச் சிலவே. பாட்டி பாடுவதைப் பேத்தி கேட்பதும், தாய் பாட மகள் ஆடுவதும், பாடத்தில் சிறு பிசகு நேர்ந்தால் அடுத்த அறையிலிருந்து திருத்தம் வருவதுமான சூழலைக் 'குடும்பச் சூழல்' என்று சுருக்கிவிடுகிறோம். ஆடவர் ஒருவரின் வீட்டில் மாணாக்கர் தங்கிப் பயின்றால் அதனைக் குருகுலம் என்கிறோம். இச்சொல் வேறுபாட்டைத் தமிழாசிரியர்களாகிய நாம் எளிதாகக் கடந்துவிடக் கூடாது.

தெலுங்குப் பாடல்கள் மிகுந்த அம்மரபைத் தமிழிதழில் பேசுவது ஏன் என்னும் வினாவும் எழலாம். முத்துத் தாண்டவர், கனம் கிருஷ்ணையர், வைத்தீசுவரன்கோயில் சுப்பராமையர் ஆகியோரின் தமிழ்ப் பதங்களை இன்று நாம் கேட்கும் வடிவில் காத்துத் தந்தவற்றுள் இக்குடும்பத்தின் பங்கு மிகப் பெரிது. திருப்புகழ் பாடுவதில் பெயர்பெற்ற காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையிடமும் பிருந்தா பயின்றார். தமிழ்ப் பத இலக்கியத்தைக் கற்பிக்கும்போது அச்சுப் பிரதியை மட்டும் வைத்துக்கொண்டு யாப்பும் அணியும் பேசும் நம் வழக்கத்தை இவ்விடத்தில் ஐயுற வேண்டியுள்ளது. அச்சில் நான்கு வரியாக உள்ள ஒரு பதம் பிருந்தா, முக்தா பாடும்போது பத்து நிமிடம் நீள்கிறது. தலைவியின் ஊடல் எந்தச் சொல்லில் தளர்கிறது என்பது அந்த நீட்சியில்தான் தெரிகிறது.

அவ்வீட்டை உள்ளிருந்து எழுதியவர் ஒருவர் உண்டு. தனம்மாளின் பேரர் த. சங்கரன் (1906–2001) 'சுருதி' இதழில் எழுதிய நினைவுக் கட்டுரைகள், கேட்போரின் வியப்புரைகளிலிருந்து முற்றிலும் வேறுபட்டவை. அவை பாட்டியைத் தெய்வமாக்குவதில்லை. பழகிய மனிதராகக் காட்டுகின்றன. நகைச்சுவையும் கூர்மையும் கலந்த நடை. டக்ளஸ் நைட் எழுதிய பாலசரஸ்வதியின் வாழ்க்கை வரலாறு (2010) குடும்ப நினைவுகளை விரிவாகப் பயன்படுத்திக்கொண்ட மற்றொரு நூலாகும். நைட் பாலசரஸ்வதியின் மருமகன் என்பதால் அந்நூலில் குடும்பப் பற்று மிகுந்துள்ளது என்னும் குறையைக் கூறலாம். நாமும் சில பக்கங்களில் அதனை உணர்ந்தோம். எனினும் ஒரு வீட்டின் பொருளாதார நெருக்கடியையும் பெண்களே தலைமையேற்ற குடும்ப அமைப்பையும் தயக்கமின்றிப் பேசுவதில் அது ஏனைய நூல்களை விஞ்சி நிற்கிறது. தமிழில் பி. எம். சுந்தரத்தின் 'மரபு தந்த மாணிக்கங்கள்' (2003) ஆடற்பெண்டிரின் வாழ்க்கைக் குறிப்புகளைப் பெரும் உழைப்போடு தொகுத்துள்ளது. அதன் அமைப்பும் பட்டியலே. ஆயின் மறக்கப்பட்டவர்களின் பட்டியல் வேறு, புகழ்பெற்றவர்களின் பட்டியல் வேறு.

'இடம்பெயர்ந்தது' என்னும் சொல்

ஜார்ஜ் டவுன் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் ஒரே செய்தியோடு நிறைவுறுகின்றன: 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இசையின் மையம் தெற்கே மயிலாப்பூருக்கு இடம்பெயர்ந்தது என்பதே அது. மக்கள் நெருக்கமும் வணிகப் பெருக்கமும் காரணங்களாகக் கூறப்படுகின்றன. அவை உண்மையே. ஆனால் இசை தானே நடந்து சென்றதா?

1927 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரசு மாநாட்டையொட்டி அனைத்திந்திய இசை மாநாடு நடைபெற்றது. அதன் விளைவாக 1928இல் மியூசிக் அகாதெமி தோன்றியது. அதே ஆண்டுகளில் தேவதாசி ஒழிப்புக் குறித்த விவாதம் சட்டமன்றத்தில் வலுப்பெற்று, 1947இல் சட்டமாக நிறைவுற்றது. இலட்சுமி சுப்பிரமணியன், அமாண்டா வைட்மன் (இருவர் நூலும் 2006), தவேஷ் சொனேஜி (2012) ஆகியோர் இவ்விரு நிகழ்வுகளையும் இணைத்தே ஆராய்ந்துள்ளனர். வீட்டுக் கூடத்தில் பெண்ணின் தலைமையில் நடந்த இசை, சபா மேடையில் செயற்குழுவின் தலைமையில் நடக்கலாயிற்று. இம்மாற்றத்தில் பாடல்கள் பயணம் செய்தன; பாடிய குடும்பங்கள் அனைத்தும் அவ்வாறு பயணம் செய்ய இயலவில்லை. தனம்மாள் வீட்டுப் பேத்தியர் இருவர் மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருதைப் பெற்றனர்: பாலசரஸ்வதி 1973இலும் பிருந்தா 1976இலும். விசுவநாதனும் ரங்கநாதனும் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தனர். இவை பெருமைக்குரியவை. ஆனால் இவ்வெற்றிகளைக் காட்டி, ஏனைய வீடுகள் மௌனமானதை மறந்துவிடுதல் ஆய்வாகாது. பட்டியல் கட்டுரை 'இடம்பெயர்ந்தது' என்னும் ஒரு சொல்லால் இவ்வளவையும் கடந்து விடுகிறது.

இதற்கு எதிரான மிகையும் உண்டு என்பதைச் சொல்லவேண்டும். அண்மைய ஆய்வுகள் சிலவற்றில், பழைய வீட்டுக்கூடம் முழு விடுதலையின் இடமாகவும் சபா மேடை முழு ஒடுக்குமுறையின் இடமாகவும் வரையப்படுகின்றன. புரவலரின் விருப்பு வெறுப்பைச் சார்ந்திருந்த வாழ்வு எளிதானதன்று. ஆர்மீனியன் தெருவில் அன்னி பெசன்ட் அம்மையாரின் முயற்சியால் எழுந்த கோகலே மண்டபம் போன்ற பொதுமேடைகள், அழைப்புப் பெறாதவர்களும் கட்டணம் செலுத்தி இசை கேட்க வழிசெய்தன என்பதும் வரலாறே.

ஆவணங்களை நோக்கி

நம் மாணவர்கள் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் உள்ளூர் வரலாற்றுத் திட்டப்பணிகளுக்குச் செல்லும்போது, இன்னார் வாழ்ந்த வீடு எது என்னும் வினாவோடு செல்கின்றனர். ஒளிப்படம் எடுத்துத் திரும்புகின்றனர். அவ்வினாவை வீடு யார் பெயரில் இருந்தது, வாடகை யார் கொடுத்தார், யார் யாருக்குக் கற்பித்தார், ஏன் வெளியேறினர் என்று பிரித்துக் கேட்கும்படி நாம் இப்போது கூறிவருகிறோம். விடை பெரும்பாலும் நினைவுக் கட்டுரையில் கிடைப்பதில்லை. பத்திரங்களிலும் வழக்குக் கட்டுகளிலும் உயில்களிலும் கிடைக்கிறது.

பெங்களூர் நாகரத்தினம்மாள் (1878–1952) இதற்குத் துணை செய்கிறார். முத்துப்பழனியின் 'ராதிகா சாந்துவனம்' என்னும் தெலுங்குக் காவியத்தை 1910இல் முழுமையாகப் பதிப்பித்தவர். அந்நூல் தடைசெய்யப்பெற்று 1947இல்தான் விடுதலை பெற்றது. திருவையாற்றில் தியாகராசர் சமாதிக்குத் தம் பொருளைக் கொண்டு கோயில் எழுப்பினார். ஆராதனையில் பெண்கள் பாட இடமளிக்கப்படாதபோது, 1927இல் பெண்களைத் திரட்டித் தனியே விழா நடத்தினார். ஜார்ஜ் டவுன் பட்டியல்களில் இவர் ஒரு வரியாகவும், திருவையாற்றுக் கட்டுரைகளில் ஒரு பக்தையாகவும் நின்றுவிடுகிறார். ஆனால் அவர் ஓர் உயிலும் எழுதிவைத்தார். தம் சொத்துகளை அறக்கட்டளைக்கு உரிமையாக்கிய அவ்வாவணத்தில், அச்சமாதியில் பெண்கள், தேவதாசியர் உட்பட, வழிபடவும் இசைத்தொண்டு செய்யவும் உரிமை உண்டு என்பதையும் ஒரு நிபந்தனையாகச் சேர்த்தார். தியாகராசரைச் சில நாள் விருந்தினராக ஏற்ற பகுதியில் வாழ்ந்த பெண் ஒருவர், அவருடைய சமாதியில் தம்மவர்க்கு உள்ள இடத்தைப் பத்திர மொழியில், சொத்துரிமையோடு பிணைத்து எழுதியிருக்கிறார். இசை வகுப்பில் அவருடைய இசைத்தட்டையும் தமிழ் வகுப்பில் அந்த உயிலையும் ஒரே வாரத்தில் வைத்துப் பார்த்தோம். மாணவர்கள் நெடுநேரம் பேசியது உயிலைப் பற்றியே.